பஜ்ஜிக் கைக்கு வராத பலா-பலா

இந்தோனேசியாவின் பாண்டுங்குக்குக் குடிபோன முதல் வாரத்தில் ஒரு மாலை, வாசலில் யாரோ "பூ... பூ..." என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. பூக்காரர்தான் என்று சில்லறையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நின்றிருந்தது பலகாரத் தள்ளுவண்டி. கண்ணாடிப் பெட்டி, கறுத்த வாணலி, அடியில் பச்சை நிறத்தில் குண்டாக ஒரு 3 கிலோ சிலிண்டர். பார்க்க முலாம்பழம் போல இருப்பதால் அங்கே அதற்கு 'மெலோன்' என்று செல்லப்பெயர். அம்மா என்பதற்கு அந்த ஊரில் 'இபூ'. கூப்பிடும்போது 'இ' விழுந்துவிடும். ஐந்து வருடம் தெருவில் எல்லோருக்கும் நான் பூவாகத்தான் இருந்தேன். பதிலுக்கு வண்டிக்காரரை நான் 'மாங்' என்று கூப்பிடுவேன். அந்த வட்டாரத்துச் சுந்தா மொழியில் மாமா மாதிரி ஒரு முறை அது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இருக்கவில்லை.

கணவருக்கு நூற்பாலையில் வேலை. 2018-இல் கோவையிலிருந்து போனோம். பாண்டுங் என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த 1955 ஆசிய-ஆப்பிரிக்க மாநாடும் நேருவும்தான் எனக்கு ஞாபகம். போய்ப் பார்த்தால் அது மலைசூழ்ந்த ஊர். மாலையானால் குளிரும், மழைக்காலத்தில் மத்தியானமே இருட்டிக்கொண்டு வரும். எண்ணெய்ப் பலகாரத்துக்கென்றே அமைந்த சீதோஷ்ணம்.

நாசி கோரெங் என்ற வறுத்த சோறு நமக்குத் தெரியும். கோரெங் என்றால் வறுப்பது, பொரிப்பது. பொரித்தது எல்லாமே கோரெங்கான். அந்தப் பொதுப்பெயருக்குள் ஒரு கூட்டமே இருக்கிறது. கோஸும் கேரட்டும் போட்ட மாவுப் பணியாரம் நாட்டின் பல ஊர்களில் 'பக்வான்', பாண்டுங் பக்கம் 'பலா-பலா' (பலாப்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பாண்டுங்காரர்களுக்குப் பெயரைச் சுருக்காவிட்டால் தூக்கம் வராது. முளைப்பயறு 'தோகே', டோஃபு 'தாஹு'. டோஃபுவின் வயிற்றைக் கீறி முளைப்பயறு அடைத்து மாவில் தோய்த்துப் பொரித்தால் இரண்டின் வாலையும் பிடித்து 'கெஹு'. மரவள்ளி மாவுக்கு 'ஆச்சி' என்று பெயர். அதைத் தட்டையாகத் தட்டிப் பொரித்தால் 'சீரெங்', கோலி குண்டாக உருட்டினால் 'சீமோல்'. துருவிய மரவள்ளிக்கிழங்கின் உள்ளே ஒன்சோம் என்ற புளித்த புண்ணாக்குக் காரத்தை வைத்தால் 'சோம்ப்ரோ', வெல்லம் வைத்தால் 'மிஸ்ரோ'.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு பிடி பச்சை ஊசிமிளகாய் இலவசம். சட்னி கிடையாது. பலா-பலா ஒரு கடி, மிளகாய் ஒரு கடி. அவ்வளவுதான். நம் காந்தாரி மிளகாயின் சொந்தத் தங்கை அது. முதல் நாள் நான் முழுதாகக் கடித்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து அழுததை மாங் கடைசிவரை மறக்கவில்லை.

இரண்டு வருடம் வாங்கித்தான் சாப்பிட்டோம். ஒன்று ஆயிரம் ரூபியா. அந்த விலைக்கு வீட்டில் யார் சுடுவார்கள்? 2020 ஏப்ரலில் கொரோனாக் கட்டுப்பாடு வந்தது. இரண்டே நாளில் ரம்ஜான் நோன்பு ஆரம்பம். மற்ற வருடங்களில் நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தெருமுழுக்கக் கோரெங்கான் குவிந்து கிடக்கும். அந்த வருடம் வண்டி வரவில்லை. மாங் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

சரி, நாமே சுட்டால் என்ன என்று இறங்கினேன். கோவைக்காரிக்கு பஜ்ஜி சுடத் தெரியாதா? கடலை மாவு கிடைக்கவில்லை, அதனால் மைதா. கோஸை நறுக்கி, கேரட்டைத் துருவி, உப்புப் போட்டுப் பிசறி வைத்தேன். அப்புறம் மாவைக் கொட்டி, பஜ்ஜி மாவு பதத்துக்குக் கரைத்து, பந்து பந்தாகக் காய்ந்த எண்ணெயில் போட்டேன். வெளியே சிவந்தது. பிட்டால் உள்ளே பசை. இரண்டாவது ஈடு போடுவதற்குள் கோஸ் தண்ணீர் விட்டு மாவு கஞ்சியாகிவிட்டது. இன்னும் மைதா சேர்த்தேன். அது ரப்பராக வந்தது. மகன் ஒன்றைத் தரையில் போட்டு, எம்புகிறதா என்று பார்த்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. மெக்கா போய்வந்தவர், அதனால் ஊருக்கே 'பூ ஹாஜி'. இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என் தட்டைப் பார்த்தார். "இது பலா-பலா இல்லை நெங், ரொட்டி" என்றார். நெங் என்றால் சின்னப் பெண்ணே என்பது போல. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு.

அந்த நோன்பு மாதம் முழுக்க மதிலுக்கு இரண்டு பக்கமுமாகத்தான் பாடம் நடந்தது. அவர் சொன்னதில் முக்கியமானது மாவுக் கலவை. மைதா மூன்று பங்குக்கு அரிசி மாவு ஒரு பங்கு. மைதா காய்கறியைப் பிடித்து வைக்கும், ஆனால் ஆறினால் தொய்ந்துபோகும். அரிசி மாவுக்கு இழுவை கிடையாது, மொறுமொறுப்பை அதுதான் காப்பாற்றும். அதற்காக அரிசி மாவை அள்ளிப் போட்டால் ஆறியதும் தட்டை மாதிரி கடிக்க வேண்டியிருக்கும். என் கணக்குக்கு 150 கிராம் மைதா, 50 கிராம் அரிசி மாவு, தண்ணீர் 200 மில்லியில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் இன்னும் இரண்டு கரண்டி. பஜ்ஜி மாவுபோல வழவழவென்று அடிக்கக் கூடாது. அடிக்க அடிக்க மைதா இழுவை பிடிக்கும். நான்கு சுற்று கலக்கிவிட்டு, சின்னச் சின்னக் கட்டி தெரிந்தாலும் விட்டுவிட வேண்டும்.

மசாலா பூண்டு, தனியா, வெள்ளை மிளகு, உப்பு. மிளகாய்த்தூள், பெருங்காயம் எதுவும் இல்லை. நான்கு பல் பூண்டும் ஒரு சின்னக் கரண்டித் தனியாவும் 'சோபேக்'கில் வைத்து நசுக்குவார்கள். அது நம் அம்மியும் உரலும் கலந்த ஒரு கல் தட்டு. மிக்ஸியில் அரைத்தால் பூண்டு தண்ணீர் விட்டு வாசனை மாறிவிடுகிறது. இதை நான் இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டேன். இவ்வளவு செய்தும் வண்டிச் சுவை வரவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்று பூ ஹாஜியிடம் கேட்டேன். ஒரு மாதிரி சிரித்துவிட்டு, "மிசின் போட்டாயா?" என்றார். நம் ஊரில் அஜினோமோட்டோ என்று சொல்லிப் பயப்படுவோமே, அதுதான். அரைச் சிட்டிகை போட்டேன். மாங் திரும்பி வந்துவிட்டார் என்று மகன் சொன்னான். வேண்டாம் என்பவர்கள் உப்பைக் கொஞ்சம் தூக்கிப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அதே சுவை வராது.

உப்பு மாவில்தான், காய்கறியில் இல்லை. வாணலியில் எண்ணெய் காய்ந்த பிறகுதான் கோஸ், கேரட், வெங்காயத்தாள், முளைப்பயறு எல்லாம் மாவுக்குள் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் விடும் பிரச்சினை இத்தோடு தீர்ந்தது. எட்டுப் பேருக்குச் சுடுவதானால் மாவை ஒரு பாத்திரத்திலும் காய்கறியை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டு, ஈடுக்கு ஈடு கலந்துகொள்வேன்.

போடும் விதத்தில்தான் அந்த வீட்டுக்குள் சண்டை. பூ ஹாஜி பாண்டுங் வழக்கப்படி கையால் அள்ளி, வாணலி ஓரமாகத் தட்டையாக இறக்குவார். நடுவில் வழிந்து ஓரமெல்லாம் கொசுவலை மாதிரி முறுகும். மருமகள் கிழக்கு ஜாவாவின் மலாங்கிலிருந்து வந்த பெண். அந்தப் பக்கம் இதற்கு 'வெசி' என்று பெயர், அவர்களுக்குக் குழிக்கரண்டி இல்லாமல் வேலை ஆகாது. மாமியார் முறையை நான் கற்றுக்கொண்டேன். ஆனால் இன்றுவரை வீட்டில் செய்வது மருமகள் முறைதான், அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எவர்சில்வர் குழிக்கரண்டி ஒன்றைக் காய்ந்த எண்ணெயில் முழுக்க அமிழ்த்தி ஒரு நிமிடம் வைக்க வேண்டும். கரண்டியே சூடாகிவிடும். எண்ணெயை வடித்துவிட்டு அதில் முக்கால் அளவு மாவை ஊற்றினால் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் கரண்டி காயவில்லை, மாவு ஒட்டிக்கொள்ளும். சின்னக் கரண்டியின் முதுகால் மாவின் நடுவை அழுத்திப் பள்ளமாக்கி, மாவைக் கரண்டியின் விளிம்புவரை ஏற்றி, அப்படியே கரண்டியோடு எண்ணெயில் இறக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அரை நிமிடத்தில் ஓரம் சிவந்து, மாவு கரண்டியை விட்டுத் தானாகக் கழன்று மிதக்கும். அவசரப்பட்டுக் கத்தியால் நெம்பினால் உடையும். கழன்றதும் குப்புறத் திருப்பி, நடுத்தரத் தீயில் நான்கைந்து நிமிடம். வெளிவருவது நடுவில் குழிந்த ஒரு கிண்ணம். விளிம்பு நொறுங்கும், நடு மெத்தென்று இருக்கும், உள்ளே பசை என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் கிண்ணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நாலாவதிலிருந்து சரியாக வந்தது.

மெண்டோவான் இதற்கு நேர் எதிர். மத்திய ஜாவாவில் பன்யுமாஸ் பக்கத்துப் பலகாரம் அது. அந்த ஊர்ப் பேச்சில் 'மெண்டோ' என்றால் அரைவேக்காடு. தெம்பே என்பது சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கட்டி. அதைக் காகிதம் போலச் சீவி, நீர்த்த மாவில் முக்கி, நல்ல சூட்டில் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் எடுத்துவிட வேண்டும். தொங்கத் தொங்க இருக்கும். "வேகவே இல்லையே" என்று நான் மறுபடி எண்ணெயில் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். தோசை மாவைவிட நீர்த்து, ரவா தோசை மாவுக்கு ஒரு படி முன்னால் நிற்கும் பதம். தனியா, பூண்டோடு இதில் 'கென்சூர்' என்று ஒரு கிழங்கும் சேரும். அதை நசுக்கிய உடனே எனக்குப் பாட்டியின் குளியல் பொடி ஞாபகம் வந்தது. கடைசியில் பார்த்தால் அது நம் கச்சோலம்! நாம் உடம்புக்குத் தேய்ப்பதை அவர்கள் தின்கிறார்கள். சுண்டுவிரல் நுனி அளவுக்கு மேல் போட்டால் மருந்து நெடி அடிக்கும்.

இப்போது சீமோல். இதைச் சுட நினைப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது முழுக்கப் படித்துவிடுங்கள்.

அந்த ஆகஸ்டில், இரண்டு பலகாரம் கைவந்த தைரியத்தில், மரவள்ளி மாவில் உருண்டை பிடித்துக் காய்ந்த எண்ணெயில் போட்டேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. திடீரென்று பட்டாசு மாதிரி ஒன்று வெடித்தது. நான் பின்வாங்குவதற்குள் அடுத்தது. மூடியைப் போட்டேன். மூடியையே தள்ளிவிட்டு எண்ணெய் முன்கையில் தெறித்தது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. சூடான எண்ணெயில் விழுந்ததும் உருண்டையின் மேல்தோல் வெந்து ஜெல்லியாகி, வழி அடைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போக வழி தெரியாமல் கிழித்துக்கொண்டு வருகிறது. பச்சை எண்ணெயில், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே உருண்டைகளைப் போட வேண்டும். சிறுதீயில் மெல்ல மெல்லச் சூடேறி, உருண்டைகள் மிதக்க ஆரம்பித்த பிறகுதான் தீயைக் கொஞ்சம் கூட்டலாம். ஒரு ஈடு முடிந்து அடுத்த ஈடு போட வேண்டுமானால் எண்ணெயை ஆறவிட வேண்டும். நான் இரண்டு வாணலி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் செய்கிறேன்.

மாவு பிசைவதிலும் விஷயம் இருக்கிறது. 250 கிராம் மரவள்ளி மாவு, பூண்டு, உப்பு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கிளறி, உதிரியாகச் சேரும்போது நிறுத்திவிட வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் கல் மாதிரி வரும், வெடிக்கிற வாய்ப்பும் கூடும். உருண்டையும் அப்படித்தான். வழவழப்பாக வேண்டாம், சொரசொரப்பாக இருக்கட்டும், மேலே உலர்ந்த மாவைத் தூவிக்கொள்ளலாம்.

கை வெந்த அன்று பூ ஹாஜி வீட்டிலிருந்து பற்பசை வந்தது. தடவச் சொன்னார்கள். நம் ஊரில் தோசை மாவு தடவச் சொல்வதில்லையா, அது போலத்தான். இரண்டும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன், பெரிய கொப்புளம் வராமல் தப்பித்தது. அரிசி அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் மிச்சம்.

வாழைப்பழப் பொரியலான பீசாங் கோரெங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு சூட்சுமத்தைத் தவிர. வெற்றிலைச் சுண்ணாம்பை மிளகளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து மாவு கரைப்பார்கள். அரிசி மாவு கூடுதலாக, மைதா குறைவாக. ஆறி ஒரு மணி நேரம் ஆனாலும் மொறுமொறுப்பு போகாது. பழம் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. இங்கே நான் நேந்திரனில் செய்கிறேன். பூவனில் செய்து பார்த்தேன், எண்ணெய்க்குள் கரைந்தே போய்விட்டது.

எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாமாயில்தான். வேறு எண்ணெய் அங்கே யோசனையிலேயே கிடையாது. உலகத்திலேயே அதிகம் பாமாயில் எடுக்கிற நாடு. அப்படிப்பட்ட நாட்டில் 2022 தொடக்கத்தில் எண்ணெய்க்கு வரிசையில் நின்றேன் என்றால் நம்புவீர்களா? ஜனவரியில் அரசு லிட்டர் 14,000 ரூபியா என்று விலையைக் கட்டியது. கடை அலமாரிகள் காலியாயின. மார்ச்சில் பாக்கெட் எண்ணெய்க்கு அந்தக் கட்டை அவிழ்த்ததும் எண்ணெய் திரும்பி வந்தது, விலையோடு. ஏப்ரல் 28-இல் ஏற்றுமதிக்கே தடை போட்டு, மே 23-இல் எடுத்தார்கள். இதற்குள் மாங்கும் வண்டியோடு திரும்பியிருந்தார். விலை ஏற்ற அவருக்கு மனமில்லை. பலா-பலா மட்டும் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் இரண்டு விரலால் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். "எண்ணெய் குடித்துவிட்டது பூ" என்றார். எண்ணெய்தான் பலா-பலாவைக் குடித்துவிட்டதாம்.

அந்த நாட்களில்தான் எண்ணெயைச் சிக்கனமாகப் புழங்கக் கற்றுக்கொண்டேன். அகல வாணலியைத் தூக்கி வைத்துவிட்டு, குழிவான சின்ன வாணலியில் அரை லிட்டர் மட்டும். பொரித்து முடித்ததும் துணியில் வடிகட்டி, இருட்டான இடத்தில் மூடி வைத்து, இன்னொரு முறை மட்டும் பொரிக்க. சூடு பார்க்க வெங்காயத்தாள் துண்டு ஒன்று போதும். போட்டதும் சுற்றிச் சின்னக் குமிழ் வந்து மிதந்தால் சரி, உடனே கருகினால் அதிகம், அடியில் கிடந்தால் காத்திருங்கள்.

2023-இல் கோவை திரும்பினோம். மைதா, அரிசி மாவுக்குக் குறைவில்லை. ஆனால் இடியாப்ப மாவை எடுத்துவிடாதீர்கள். அது வறுத்த மாவு, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பச்சரிசி மாவுதான் வேண்டும். மரவள்ளி மாவுக்கு ஜவ்வரிசியை மிக்ஸியில் அடித்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. ஜவ்வரிசி ஏற்கனவே பாதி வெந்தது. சேலம் பக்கத்திலிருந்து வருகிற மரவள்ளி ஸ்டார்ச் மளிகைக் கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கிறது. தெம்பேக்கு இரண்டு முறை வீட்டில் முயன்றேன். ஒருமுறை வெள்ளைப் பூஞ்சை அழகாகப் போர்த்திக்கொண்டு வந்தது. இன்னொரு முறை வேகவைத்த சோயாவைச் சரியாக உலர்த்தவில்லை, புளித்து நாறிவிட்டது. தூக்கிப் போட்டேன்.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் இருபது பலா-பலா சுட்டு, பூ ஹாஜியை வீடியோவில் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். நிறம் பற்றிச் சொல்லவில்லை, விளிம்பு பற்றிச் சொல்லவில்லை. "செங்கெக் எங்கே?" என்றார். அந்த ஊசிமிளகாய்தான். பாலக்காட்டிலிருந்து வரும் காய்கறிக்காரரிடம் வாங்கி வைத்திருந்த காந்தாரியைத் தூக்கிக் காட்டினேன். காட்டினால் போதாதாம், கடிக்க வேண்டுமாம். கடித்தேன். எனக்கு விக்கல் நிற்கிறவரை அந்தப் பக்கம் மாமியாரும் மருமகளும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.